ஹரியானாவில் நடும் கன்று நிக்கோபார் காடாகுமா?

கிரேட் நிக்கோபார் தீவில் 130 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான மழைக்காட்டைத் துறைமுகம், விமான நிலையம், நகரியம் கொண்ட திட்டப்பணிக்கு ஒப்படைக்க, ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2022 அக்டோபரில் முதல்கட்ட அனுமதி கொடுத்தது. வெட்டுப்படும் மரங்கள் 9.64 லட்சம் என்று நாடாளுமன்றத்தில் அரசே கணக்குச் சொன்னது. அந்தக் காட்டுக்கு ஈடாக மரம் நடுவதற்கு அனுமதிக் கடிதம் காட்டிய இடம் ஹரியானா.

படிக்கிறவர்கள் ஏதோ அச்சுப்பிழை என்று நினைக்கக்கூடும். பிழையில்லை. காடு மிகுந்த பகுதியில் அழித்துவிட்டு, காடு குறைந்த மாநிலத்தில் நட்டுக்கொள்ளலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. தீவுக்கும் ஹரியானாவுக்கும் நடுவே 2,500 கிலோமீட்டருக்கு மேல் தூரம். தீவில் பெய்யும் மழையில் நான்கில் ஒரு பங்குகூடத் தெற்கு ஹரியானா பார்ப்பதில்லை. ஹரியானாவுக்கு மரம் வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. அதற்கு விலையாக நிக்கோபார் ஏன் மொட்டையாக வேண்டும்?

அழியப்போவது என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மெகாபோட் என்றொரு தரைப்பறவை நிக்கோபாரில் உண்டு, ஏறக்குறையக் கோழி அளவு. அது முட்டையிட்டு அடைகாப்பதில்லை. கடலோரக் காட்டில் மண்ணையும் சருகையும் காலால் கீறிக் கீறி ஒரு மேடு கட்டும். அதற்குள் முட்டையைப் புதைக்கும். சருகு மக்கும் சூட்டில் குஞ்சு பொரிந்து, மண்ணைத் தள்ளிக்கொண்டு தானே வெளியே வரும். மண், சருகு, ஈரம், நிழல் எல்லாம் சரியாக அமைந்தால்தான் இந்த வேலை நடக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தப் பறவையின் எண்ணிக்கை ஏறக்குறைய 70 விழுக்காடு சரிந்ததாக ஆய்வாளர்கள் கண்டார்கள். மிச்சமிருப்பவற்றில் சில மேடு கட்டும் கரையோரத்தில்தான் துறைமுகமும் விமான நிலையமும் வரப்போகின்றன. அதற்கு அரசு சொல்லும் பரிகாரம், மென்சால் என்ற குட்டித் தீவைப் பறவைக்கென்று ஒதுக்கியது. பறவைக்கு யார் போய் முகவரி சொல்வது?

ஆமையின் கதை இன்னும் வேடிக்கை. அதே கரையோரத்தில் உள்ள கலாத்தியா விரிகுடா, உலகின் மிகப் பெரிய ஆமையான தோல்முதுகு ஆமை முட்டையிடும் கரை. முதுகில் ஏழு வரி ஓடுவதால் ஏழுவரி ஆமை என்றும் அதைச் சொல்வதுண்டு. அந்தக் கரை ஒரு சரணாலயமாக இருந்தது. தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு 2021 ஜனவரியில் அந்தத் தகுதியை நீக்க ஒப்புதல் கொடுத்தது. சில வாரங்களிலேயே அமைச்சகம் தேசியக் கடலாமைச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதில் முக்கியமான முட்டையிடும் கரைகளில் ஒன்றாகக் கலாத்தியாவின் பெயர் இருக்கிறது! வலக்கை எழுதியது இடக்கைக்குத் தெரியவில்லை போலும்.

மனிதர்களுக்கு வருவோம். தீவில் வாழும் ஷோம்பென் பழங்குடியினர் 2011 கணக்கெடுப்பின்படி 229 பேர். வெளியாரோடு அதிகம் பழகாத வேட்டை, உணவு சேகரிப்புச் சமூகம். நம்மூரில் பூவுக்காகத் தேடப்படும் தாழையின் இனத்தைச் சேர்ந்த மரம் ஒன்றின் பழம் அவர்களுக்கு முக்கிய உணவு. பெரிய திட்டங்கள் வரும்போது இம்மக்களின் நலனுக்கே முன்னுரிமை என்று 2015இல் அரசே ஒரு கொள்கை வகுத்தது. அதே அரசின் திட்டம், எட்டாயிரம் பேர் வாழும் தீவில் மூன்றரை லட்சம் பேரைக் குடியேற்றப் பார்க்கிறது. சுனாமியில் ஊரிழந்த நிக்கோபாரிகளோ வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டு இருபது ஆண்டுகளாகியும் மூதாதையர் ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் திட்டத்துக்குக் கொடுத்த ஆட்சேபமின்மைச் சான்றை அவர்களின் பழங்குடிக் கவுன்சில் அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெற்றது. முழு விவரம் சொல்லப்படவில்லை என்பது அவர்கள் வாதம். திரும்பப் பெற்ற ஒப்புதல் ஒப்புதல் ஆகாது.

தேசப் பாதுகாப்பு என்ற வாதத்தை அலட்சியப்படுத்த முடியாது. மலாக்கா நீரிணையின் வாயிலருகே இருக்கிறது தீவு. அங்கே ஒரு கண் வைத்திருப்பது நாட்டுக்குத் தேவைதான். அதற்காகவே கேம்ப்பெல் பேயில் ஐ.என்.எஸ். பாஸ் கடற்படை விமானதளம் 2012 முதல் இயங்குகிறது. அது போதாதென்றால் விரிவுபடுத்தட்டும். ஆனால், 72,000 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்ட திட்டத்தில் பெரும்பகுதி வணிகத் துறைமுகம், நகரியம், மின் நிலையம், சுற்றுலா. சுற்றுலா விடுதிக்கும் நாட்டின் எல்லைக் காவலுக்கும் என்ன சம்பந்தம்? பெட்டகச் சரக்கு கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் போய் மாறுவதைத் தவிர்க்க வேண்டும் என்றால், அதற்கென்றே கட்டப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகம் 2024 டிசம்பரில் வணிகச் செயல்பாட்டைத் தொடங்கிவிட்டது. முதலில் அதை நிறைக்கலாமே.

நிலமும் அங்கே நம்பும்படி இல்லை. நிலநடுக்க அபாயம் மிக அதிகமான ஐந்தாம் மண்டலம் அது. 2004 டிசம்பர் 26 அன்று தீவின் தென்முனையான இந்திரா முனை ஏறத்தாழ நான்கு மீட்டர் தாழ்ந்தது. கரையில் நின்றிருந்த கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்துகொண்டது. அந்தக் காட்சியைப் பார்த்த பிறகும் பக்கத்திலேயே ஒரு நகரம் கட்ட ஒருவருக்கு மனம் வருமா?

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2023 ஏப்ரலில் அனுமதியை ரத்து செய்யவில்லை. மறு ஆய்வுக்கு ஓர் உயர்நிலைக் குழுவை அமைத்தது. குழுவுக்குத் தலைவர் யார்? அனுமதி கொடுத்த அதே அமைச்சகத்தின் செயலர். குழுவின் அறிக்கையையும் பாதுகாப்பைக் காரணம் காட்டி வெளியிட மறுத்தார்கள். ஆமையும் பவளப்பாறையும் எப்போது ராணுவ ரகசியமாயின?

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. உயர்நிலைக் குழுவின் அறிக்கையை நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். வன உரிமைச் சட்டப்படி ஷோம்பென், நிக்கோபாரி மக்களின் உரிமை முறைப்படி உறுதியாகும்வரை ஒரு மரத்திலும் கோடரி படக் கூடாது. பாதுகாப்புத் தேவையை வணிகத் திட்டத்திலிருந்து பிரித்து, தனியாக மதிப்பிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாற்றுக் காடு என்ற விதியைத் திருத்தியாக வேண்டும்: இயற்கையான மழைக்காட்டுக்கு ஈடு என்று எந்தக் கன்றையும் கணக்கில் காட்ட இடம் தரக் கூடாது. அந்த விதி இருக்கும்வரை நிக்கோபார் கடைசியாக இருக்காது. அடுத்த கடிதத்தில் வேறொரு காட்டின் பெயர் இருக்கும்.

நிக்கோபாரை நக்கவாரம் என்று சோழர் கல்வெட்டில் படித்துப் பெருமைப்படுகிறவர்கள் நாம். நம் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் எழுந்து, அந்த அறிக்கை எங்கே என்று கேட்கட்டும்.