வீராங்கனையின் உழைப்பு யாருக்குச் சொந்தம்?

2025 ஏப்ரல் 8 அன்று இஞ்சியோன் நகரில் தென் கொரியப் பெண்கள் கைப்பந்து லீகின் இறுதிச் சுற்று முடிவுக்கு வந்தது. நான்கு ஆட்டங்களின் முடிவில் இரு அணிகளும் 2-2 என்று சமநிலையில் இருந்தன. ஐந்தாவது ஆட்டத்தில் ஹியுங்குக் லைஃப் அணி முதல் இரண்டு செட்டுகளை வென்றது, அடுத்த இரண்டைப் பறிகொடுத்தது, கடைசி செட்டை 15-13 எனத் தட்டிப் பறித்தது. அந்த அணிக்காக அன்று 34 புள்ளிகள் குவித்தவர் கிம் யோன்-கியோங். அப்போது அவருக்கு வயது 37. அந்தப் பருவத்தோடு விடைபெறுவதாக இரண்டு மாதங்களுக்கு முன்பே அறிவித்துவிட்டவர். கோப்பையோடு இறுதிச் சுற்றின் சிறந்த வீராங்கனை, லீக் பருவத்தின் சிறந்த வீராங்கனை ஆகிய இரண்டு விருதுகளும், ஒரு வாக்குகூடச் சிதறாமல், அவருக்கே கிடைத்தன.

இப்படி ஒரு வழியனுப்புதலை நடத்திய இதே அணிதான், 2012-இல் அவர் வேறு எங்கும் ஆட முடியாதபடி ஓய்வுபெற்றவர்கள் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. கிம்மின் பயணத்தைச் சாதனைகளின் வரிசையாக மட்டும் படித்தால் இந்த முரண் நம் கண்ணில் படாது. ஒரு விளையாட்டு வீரரின் உழைப்பு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியோடு படித்தால், கொரியக் கைப்பந்தின் இன்றைய சரிவுக்கான காரணமும் அதற்குள்ளேயே இருப்பது தெரியும்.

குட்டையாக இருந்த காலம் தந்த கொடை

கிம் 1988-இல் ஆன்சான் நகரில் மூன்று சகோதரிகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். அக்காவைப் பார்த்துக் கைப்பந்தைத் தொட்டார். உயர்நிலைப் பள்ளியில் நுழையும்வரை 170 செ.மீ.கூட எட்டாத உயரம். வலைக்கு அருகே நின்று அடிக்கும் வாய்ப்பு அந்த உயரத்துக்குக் கிடைக்காது. பின்வரிசையில் நின்று எதிரணியின் சர்வீஸை எடுப்பது, தரையைத் தொடவிருக்கும் பந்தை மீட்பது, செட்டராக நின்று பிறருக்குப் பந்து தூக்கித் தருவது ஆகியவைதான் அவருக்குக் கிடைத்த வேலைகள். பிறகு சில ஆண்டுகளிலேயே 20 செ.மீ.க்கும் மேல் வளர்ந்து 192 செ.மீ. ஆனார்.

இதன் மதிப்பு ஆட்டம் தெரிந்தவர்களுக்கு விளங்கும். உயரமான அட்டாக்கர்களில் பலருக்கு முதல் பந்தை எடுப்பதுதான் பலவீனம். எதிரணி வேண்டுமென்றே அவர்களைக் குறிவைத்து சர்வீஸ் போடும். பந்தை எடுக்கத் தடுமாறி நிலைகுலைந்தவர், அடுத்த நொடியே ஓடிவந்து எகிறி அடிக்க முடியாது. கிம்மிடம் இந்த உத்தி எடுபடவில்லை. தன்மீது போடப்பட்ட சர்வீஸைச் செட்டரின் தலைக்கு மேல் மெதுவாக இறக்கிவிட்டு, இடது ஓரத்துக்கு விரைந்து, அதே பந்தை இரண்டு பிளாக்கர்களைத் தாண்டி அடித்து முடிப்பார். தற்காப்பையும் தாக்குதலையும் ஒரே ஆள் செய்தார். எந்த நாட்டு அணியும் அவரை விரும்பியதற்கு இதுவே அடிப்படை.

2005-இல் ஹியுங்குக் அணியில் சேர்ந்தவர், முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுகம், சிறந்த வீராங்கனை ஆகிய இரு விருதுகளையும் வென்றார். நான்கு பருவங்களில் அணிக்கு மூன்று பட்டங்கள் வந்தன. இடையே முழங்காலில் அறுவைச் சிகிச்சைகளும் நடந்தன. 2009-இல் ஜப்பானின் ஜேடி மார்வெலஸ் அணிக்குக் கடன் ஒப்பந்தத்தில் சென்று, அந்த அணியையும் சாம்பியன் ஆக்கினார். 2011-இல் துருக்கியின் ஃபெனர்பாசேவில் சேர்ந்த முதல் பருவத்திலேயே ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் பட்டமும் அந்தத் தொடரின் சிறந்த வீராங்கனை விருதும் கிடைத்தன.

ஆறு பருவக் கணக்கு

சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கியது. கொரிய லீகின் விதிப்படி ஒரு வீராங்கனை தன் அணியைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற ஆறு பருவங்கள் ஆடியிருக்க வேண்டும். கிம் உள்நாட்டில் நான்கு பருவங்களும் வெளிநாட்டில் மூன்று பருவங்களும் ஆடியிருந்தார். வெளிநாட்டுப் பருவங்கள் கணக்கில் சேராது என்றது ஹியுங்குக். ஒப்பந்தம் 2012 ஜூன் இறுதியோடு முடிந்துவிட்டது, அணிக்கு என்மீது உரிமை இல்லை என்றார் கிம். வெளிநாட்டு அணிக்கு ஆடுவதற்குத் தாய்நாட்டுச் சங்கத்தின் மாற்றச் சான்றிதழ் தேவை. அது கையில் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய வீராங்கனையும் பெஞ்சில்கூட உட்கார முடியாது.

இந்தத் தகராறு உச்சத்தில் இருந்த மாதங்களில்தான் லண்டன் ஒலிம்பிக் நடந்தது. கிம் எட்டு ஆட்டங்களில் 207 புள்ளிகள் எடுத்தார், ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 26. கொரியா வெண்கலப் போட்டியில் ஜப்பானிடம் தோற்று நான்காம் இடம் பிடித்தது. ஆனாலும் தொடரின் சிறந்த வீராங்கனை விருது, பதக்கமே பெறாத அணியைச் சேர்ந்த கிம்முக்கு வழங்கப்பட்டது. உலகமே முதலிடம் கொடுத்த ஒருவர், நாடு திரும்பியதும் ஆடுவதற்கு அனுமதி கேட்டு அலைந்தார். விவகாரம் நாடாளுமன்றம்வரை சென்றது. தற்காலிகச் சான்றிதழ், மறுபடியும் இழுபறி, தேசிய அணியை விட்டே விலகிவிடுவேன் என்ற எச்சரிக்கை என்று போய், 2014-இல்தான் சர்வதேசக் கைப்பந்துக் கூட்டமைப்பு கிம்முக்குச் சாதகமாக இறுதி முடிவு சொன்னது. ஹியுங்குக் அணிக்கு ஃபெனர்பாசே மாற்றுத்தொகை தர வேண்டும் என்றும் முடிவானது.

அணி நிர்வாகத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பள்ளியிலிருந்து வந்த பெண்ணுக்குப் பயிற்சியும் மருத்துவமும் ஊதியமும் தந்து வளர்த்தவர்கள் அவர்கள். அந்தச் செலவுக்கு ஈடு கேட்பது தவறல்ல. ஆனால் ஈடு கேட்பது வேறு, கதவைப் பூட்டுவது வேறு. கைப்பந்து வீராங்கனையின் உச்சகட்ட ஆண்டுகள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்றை நிர்வாகத் தகராறில் தொலைத்தால், அதை எந்த இழப்பீட்டாலும் திருப்பித் தர முடியாது. கடைசியில் கிடைத்த தீர்வும் மாற்றுத்தொகைதான். அதை முதல் நாளே பேசியிருக்கலாம்.

திறந்த கதவு, மூடிய கதவு

கிம் வெளியே போனதால் கொரியா எதையும் இழக்கவில்லை. லண்டனில் நான்காம் இடம், 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் தங்கம், டோக்கியோவில் மீண்டும் நான்காம் இடம் எல்லாமே அவர் வெளிநாட்டு லீகுகளுக்குப் போன பிறகு கிடைத்தவை. டோக்கியோவில் ஜப்பானுக்கு எதிரான ஐந்தாவது செட்டில் 12-14 எனப் பின்தங்கிய கொரியா, தொடர்ந்து நான்கு புள்ளிகள் எடுத்து 16-14 என வென்றது. காலிறுதியில் துருக்கியை வீழ்த்தியது. எதிர்ப்பக்கம் தலைமை ஏற்று நின்றவர் எடா எர்டெம், ஃபெனர்பாசேவில் கிம்முடன் பல பருவங்கள் ஒரே ஜெர்சியில் ஆடியவர். பெரிய ஆட்டங்களில் கைநடுங்காத பழக்கத்தை கிம் கொரியாவுக்குக் கொண்டுவந்தது இத்தகைய சக வீராங்கனைகளோடு அன்றாடம் பயிற்சி செய்த களங்களிலிருந்துதான்.

துருக்கியும் இதனால் வளர்ந்தது. உலகின் சிறந்தவர்களைத் தன் அணிகளுக்கு வரவழைத்து, உள்நாட்டுப் பெண்களை அவர்களோடு மோதவிட்டது. எர்டெம் தலைமையில் 2023-இல் நேஷன்ஸ் லீக், ஐரோப்பிய சாம்பியன்ஷிப் இரண்டையும் வென்றது.

கொரியாவின் கதை நேர்மாறானது. 2021-இல் கிம் தேசிய அணியிலிருந்து விலகினார். 2022, 2023 நேஷன்ஸ் லீகுகளில் ஆண்டுக்கு 12 ஆட்டங்கள், ஒன்றில்கூட வெற்றி இல்லை. 2023 ஆசிய விளையாட்டில் பதக்கம் இல்லை. பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி கிடைக்கவில்லை. 2025-இல் நேஷன்ஸ் லீகிலிருந்தே தரமிறங்கியது. ஒரே ஒருவர் விலகியதால் ஒரு நாடு இவ்வளவு சரியுமானால், அவருக்குப் பின்னால் யாரும் தயாராக்கப்படவில்லை என்றே பொருள். உள்நாட்டு லீகில் கூட்டம் இருக்கிறது, நல்ல ஊதியம் இருக்கிறது. ஆனால் முக்கியமான பந்துகளை அடிக்கும் பொறுப்பு பெரும்பாலும் வெளிநாட்டு அட்டாக்கரிடம் போகிறது. வெளியே போய்க் கற்கத் துணிபவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள்.

2020-இல் கிம் நாடு திரும்பியபோது, உலகின் மிக அதிக ஊதியம் பெறும் வீராங்கனைகளில் ஒருவர். கொரியாவில் ஆட வேண்டுமென்றால் பழைய உரிமைக் கணக்கின்படி ஹியுங்குக் அணிக்கே போகவேண்டியிருந்தது. அணியின் ஊதிய உச்சவரம்பால் இளையவர்களின் சம்பளம் குறையக்கூடாது என்று, 35 கோடி வான் மட்டும் போதும் எனத் தன் பங்கைக் குறைத்துக்கொண்டார். அந்தப் பெருந்தன்மை வணங்கத்தக்கது. ஆனால் ஒரு வீராங்கனையின் பெருந்தன்மையை நம்பி ஒரு லீக் நடக்கலாகாது.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. வெளிநாட்டில் கடனாக ஆடும் பருவங்களையும் உரிமைக் கணக்கில் சேர்க்க வேண்டும். வளர்த்த அணிக்கு நியாயமான மாற்றுத்தொகை கிடைக்கட்டும், தடுக்கும் அதிகாரம் வேண்டாம். தகராறு வந்தால் பருவம் தொடங்குமுன் முடிவு சொல்லும் சுயேச்சையான அமைப்பு வேண்டும். பதினெட்டு வயதில் கையெழுத்திடும் பெண்ணுக்குப் பக்கத்தில், அவர் சார்பாகப் பேச ஒருவர் இருக்க வேண்டும்.

ஹியுங்குக் அணி கிம்மின் 10-ஆம் எண் ஜெர்சியை இனி யாருக்கும் தருவதில்லை என்று முடிவெடுத்துச் சிறப்பித்திருக்கிறது. நல்ல மரியாதை. ஆனால் கிம் நாடாளுமன்றம்வரை போராடிப் பெற்ற உரிமையை, அடுத்து வரும் பெண் போராடாமலே பெறும்படி விதியை மாற்றுவதுதான் அவருக்குச் செய்யும் முழு மரியாதை.