நெஞ்சைக் கொஞ்சம் திருப்பினால்

எக்ஸ்ரே எடுப்பது பொத்தானை அழுத்தும் வேலைதானே என்று நினைக்கிறீர்களா? நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பொத்தானைத் தொடுவதற்கு முன்பே வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது.

எக்ஸ்ரே படம் என்பது ஒரு நிழல். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். கார் ஸ்டீயரிங்கில் நெஞ்சு மோதிய ஒருவரை நேராக நிறுத்திப் படமெடுத்தால், மார்பெலும்பு முதுகெலும்பின் நிழலில் மறைந்துபோகும். முறிவு இருந்தாலும் தெரியாது.

அதனால் ரேடியோகிராபர், நோயாளியின் வலது முன்பக்கம் படத்தட்டில் படும்படி உடலை 15 முதல் 20 பாகை வரை திருப்புவார். மார்பெலும்பு முதுகெலும்பை விட்டு விலகி, இதயத்தின் சீரான நிழல்மேல் வந்து விழும். நெஞ்சு தட்டையாக இருப்பவரைச் சற்று அதிகம் திருப்ப வேண்டும். ஏன்? தாளில் வரைந்து பாருங்கள், வெறும் வடிவியல்தான். நெஞ்சு வலியால் துடிப்பவரைக் குப்புறப் படுக்கச் சொல்வது கொடுமை. மல்லாந்து படுக்கவைத்து வலது பக்கத்தை உயர்த்தினாலும் அதே கோணம் கிடைக்கும்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடிக்கும். மூச்சை அடக்கச் சொல்லாமல், மெல்ல மூச்சுவிடச் சொல்லிச் சில விநாடிகள் நீட்டி எடுப்பார்கள். அசையும் நுரையீரல் மங்கும். அசையாத எலும்பு துலங்கும்.

சி.டி. ஸ்கேன் இருக்கிறதே என்பீர்கள். நுண்ணிய முறிவை அது நன்றாகவே காட்டும், மறுக்கவில்லை. ஆனால் கதிர்வீச்சும் அதில் கூடுதல். உடலைத் திருப்புவதற்கோ அறிந்த கை ஒன்று போதும்.