டெர்ரியில் ஓட்டு ஜெயிக்கல, வார்டு கோடுதான் ஜெயிச்சது!



"தேர்தல் நடந்துச்சு, எண்ணினாங்க, ஜெயிச்சாங்க. அப்புறம் என்ன ஜனநாயகம் இல்லைன்னு கூப்பாடு?" என்று கேட்பவர்களிடம் வட அயர்லாந்தின் டெர்ரி மாநகராட்சிக் கணக்கைக் காட்டுங்கள்.

ஆண்டு 1967. கத்தோலிக்க வாக்காளர்கள் 14,429. மற்றவர்கள் 8,781. மாநகராட்சியில் யாருக்குப் பெரும்பான்மை? பிரிட்டனோடு இருக்க விரும்பிய யூனியனிஸ்டுகளுக்கு! 12 இடம். எதிர்த்தரப்புக்கு 8.

எப்படி? ரொம்ப சுலபம். தெற்கு வார்டில் 10,047 கத்தோலிக்க வாக்காளர்களை மொத்தமாக அடைத்து 8 இடம் கொடுத்தார்கள். வடக்கு வார்டில் 2,530 பேருக்கு எதிரே 3,946 பேர். அங்கேயும் 8 இடம், அத்தனையும் யூனியனிஸ்டுக்கு. வாட்டர்சைடில் இன்னும் 4. கள்ள ஓட்டே தேவைப்படல, பாருங்க. வரைபடமும் பென்சிலும் போதும்.

இது தானாக நடந்ததல்ல. 1920-ல் விகிதாச்சார முறையில் தேர்தல் நடந்தபோது இதே நகரத்தில் தேசியவாதிகள் பெரும்பான்மை பெற்றார்கள், ஹியூ ஓ'டோகர்ட்டி மேயரானார். அந்த அதிர்ச்சி ஆறவே இல்லை. நாடு பிரிந்ததும் 1922-ல் வடக்கு அரசு உள்ளாட்சியில் விகிதாச்சார முறையையே தூக்கி எறிந்தது. 1936-ல் வார்டுகளை மூன்றாகச் சுருக்கியது.

ஓட்டுரிமையும் எல்லோருக்கும் இல்லை. வீட்டுக்குரியவருக்கும் துணைக்கும் மட்டும்தான். வாடகை அறையில் ஒண்டியிருப்பவருக்கு, பெற்றோர் வீட்டில் இருக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஓட்டு கிடையாது. கம்பெனிக்கோ ஆறு ஓட்டு வரை! பிரிட்டன் இதை 1945-லேயே கைவிட்டது; வட அயர்லாந்து விடாமல் பிடித்துக்கொண்டது.

வீடு இருந்தால்தான் ஓட்டு. வீடு ஒதுக்குவது யார்? அதே மாநகராட்சி. கத்தோலிக்கக் குடும்பத்துக்குத் தெற்கு வார்டுக்கு வெளியே வீடு கொடுத்தால் கணக்கு கெட்டுப்போகும். அதனால் கொடுக்கல. ஈரமான அறைகளில் குழந்தைகளோடு காத்துக் கிடந்தார்கள் ஜனங்க. "உள்ளாட்சித் தேர்தல்தானே, சின்ன விஷயம்" என்பவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கட்டும்.

1968 அக்டோபர் 5 அன்று டெர்ரி டியூக் தெருவில் ஊர்வலம் போனவர்கள் தனிநாடா கேட்டாங்க? வீடும் ஆளுக்கு ஒரு ஓட்டும் கேட்டாங்க. கிடைத்தது போலீஸ் தடியடி. தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. அடுத்த மாதமே அந்த மாநகராட்சிக்கு மூடுவிழா அறிவிக்க வேண்டியதாயிற்று!

1973-ல் விகிதாச்சார முறை திரும்பி வந்தது. அந்தப் பன்னிரண்டு-எட்டு அதோடு போச்சு.