முஸ்லிம் அயலாரைப் பற்றிப் பேசுமுன்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் உறவினர் குழுக்களிலும் சபைக் குழுக்களிலும் முஸ்லிம்களைப் பற்றி ஏதாவது ஒரு செய்தி வந்துகொண்டே இருக்கிறது. "அவர்கள் கல்லை வணங்குகிறார்கள்", "பாங்கில் அக்பர் ராஜாவின் பெயரைச் சொல்கிறார்கள்", "இயேசுவை இழிவாகப் பேசுகிறார்கள்" என்று பல வகை. அனுப்புகிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர்கள்தான். ஆனால் அயலாருக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்வதைத் தடுக்கும் கட்டளை பத்துக் கட்டளைகளில் ஒன்று. சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தோம். அந்தக் கட்டளை கோர்ட்டில் கூண்டேறுகிறவருக்கு மட்டும் உரியதா? சரியா தவறா என்று பார்க்காமல் ஃபார்வர்ட் செய்கிற விரலுக்கும் உரியது என்பது என் கருத்து.

அதனால் இன்று ஒரு பாடம் நடத்துகிறேன். நான் வேதபண்டிதர் அல்ல, ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்த ஒரு டீச்சர். பிழை இருந்தால் என் முஸ்லிம் மாணவர்கள் தயங்காமல் திருத்துங்கள்.

முதலில் சொற்கள். 'அல்லாஹ்' என்பது வேறு ஏதோ ஒரு தெய்வத்தின் பெயர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அரபு மொழி பேசும் கிறிஸ்தவர்களும் தங்கள் ஜெபத்திலும் வேதாகமத்திலும் கடவுளை 'அல்லாஹ்' என்றே அழைக்கிறார்கள். பாங்கில் வரும் 'அக்பர்' என்ற சொல்லுக்கு 'மிகப் பெரியவன்' என்று பொருள். முகலாய மன்னருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாங்கு இருந்தது. நம் பெரியவர்கள் 'முகமதியர்' என்று சொல்வார்கள். அதுவும் பொருந்தாது. கிறிஸ்துவை நாம் வணங்குவதால் கிறிஸ்தவர்கள். அவர்கள் முஹம்மது நபியை வணங்குவதில்லை. அவர் இறைவனின் தூதர், மனிதர் என்பதே அவர்கள் நம்பிக்கை. 'முஸ்லிம்' என்றால் இறைவனுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தவர்.

தமிழ் டீச்சராக எனக்குப் பிடித்த இன்னொன்று. நாம் ஜெபம், உபவாசம் என்று சொல்கிறோம். இரண்டும் வடமொழி வழி வந்தவை. தமிழ் முஸ்லிம்கள் தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல் என்று சொல்கிறார்கள். அத்தனையும் தமிழ். அவர்களை வெளியூர்க்காரர்கள் போலப் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி, ஐந்து கடமைகள். முதலாவது கலிமா. இறைவன் ஒருவனே, முஹம்மது அவனுடைய தூதர் என்று சாட்சி சொல்வது.

இரண்டாவது தொழுகை. விடியலில் சுபுஹு, நண்பகலுக்குப் பின் லுஹர், பிற்பகலில் அஸர், சூரியன் மறைந்ததும் மஃரிபு, இரவில் இஷா என்று தினமும் ஐந்து வேளை. அதற்கு முன் கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை கைகள், தலை, கால் என்று தண்ணீரால் சுத்தம் செய்வார்கள். அதற்கு உளூ என்று பெயர். மக்காவிலுள்ள கஅபாவின் திசையை நோக்கித் தொழுவார்கள். கஅபா அவர்களுக்குத் திசை, தெய்வம் அல்ல. தொடக்க காலத்தில் அவர்கள் நோக்கித் தொழுத ஊர் எருசலேம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மூன்றாவது ஜகாத். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் சேமிப்பு இருந்து, அது ஓராண்டு கையில் தங்கினால், அதில் 2.5 சதவீதம் ஏழைகளுக்கும் கடன்பட்டவர்களுக்கும் வேறு சிலருக்கும் உரியது. நம் தசமபாகம் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. அவர்களுடைய கணக்கு பெரும்பாலும் சேர்ந்திருக்கும் சொத்தின் மேல். பீரோவில் பூட்டி வைத்திருக்கும் நகையும் பல வீடுகளில் இந்தக் கணக்கில் வரும். நம் வீட்டுப் பீரோக்களை நினைத்துக்கொண்டேன்!

நான்காவது ரமலான் நோன்பு. விடியலுக்கு முன்பிருந்து சூரியன் மறையும் வரை தண்ணீர்கூடக் கிடையாது. நோயாளிகளுக்கும் பயணிகளுக்கும் விலக்கு உண்டு. முடிந்தவர்கள் விட்ட நாட்களைப் பிறகு நோற்க வேண்டும். பிறை பார்த்துக் கணக்கிடுவதால் நோன்பு ஒவ்வோர் ஆண்டும் சுமார் 11 நாள் முன்னால் வரும். ஆகவே ஒருவர் தன் வாழ்நாளில் மழைக்காலத்திலும் நோன்பிருப்பார், கத்திரி வெயிலிலும் நோன்பிருப்பார். லெந்து நாட்களில் காபியை மட்டும் விட்டுவிட்டு அலுத்துக்கொள்ளும் நமக்கு இதில் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது.

ஐந்தாவது ஹஜ். உடல் பலமும் பண வசதியும் உள்ளவர்கள் வாழ்நாளில் ஒருமுறை மக்கா செல்வது. அங்கே ஆண்கள் எல்லோருக்கும் தைக்காத இரண்டு துணிகள்தான் உடை. முதலாளியும் கூலிக்காரரும் ஒரே மாதிரி நிற்பார்கள்.

சரி, இயேசுவைப் பற்றி? குர்ஆனில் 114 அத்தியாயங்கள். 19ஆவது அத்தியாயத்தின் பெயரே மர்யம், அதாவது நம் மரியாள். குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒரே பெண் அவர்தான். அவர் கன்னியாக இருந்தே ஈசா நபியைப் பெற்றார் என்றும், ஈசா நபி அற்புதங்கள் செய்தார் என்றும் முஸ்லிம்கள் நம்புகிறார்கள். கடைசி நாட்களுக்கு முன் அவர் திரும்ப வருவார் என்பதும் அவர்கள் நம்பிக்கை. அவர் பெயரைச் சொன்னால் கூடவே 'அலைஹிஸ்ஸலாம்' என்று மரியாதையோடு சேர்த்துச் சொல்வார்கள். இயேசுவை இழிவாகப் பேசுகிறார்கள் என்ற செய்தி எங்கே நிற்கிறது பாருங்கள்.

அதற்காக "எல்லா மதமும் ஒன்றுதான்" என்று சொல்ல மாட்டேன். அது எளிதான பேச்சு, இரண்டு தரப்புக்கும் மரியாதை இல்லாத பேச்சு. இயேசு தேவகுமாரன் என்பதை அவர்கள் ஏற்பதில்லை. திரித்துவம் அவர்களுக்கு இறைவனின் ஒருமைக்கு விரோதமானது. அவர் சிலுவையில் கொல்லப்படவில்லை என்று குர்ஆன் சொல்கிறது. பிறவிப் பாவம் என்ற போதனையும் அங்கே இல்லை. முஹம்மது நபியே கடைசி நபி என்பது அவர்கள் விசுவாசம். எனக்கோ சிலுவை இல்லாமல் விசுவாசமே இல்லை. இந்த வேறுபாடு சின்னதல்ல, பேசித் தீர்கிற சண்டையும் அல்ல. அதை உள்ளபடி சொல்லிவிட்டு நல்ல அயலாராக வாழலாம்.

இதற்கு ஒரு முன்மாதிரியை இஸ்லாமிய வரலாற்று நூல்களே சொல்கின்றன. ஏறத்தாழ 615ஆம் ஆண்டு. மக்காவில் துன்புறுத்தப்பட்ட முஸ்லிம்களில் சிலர் செங்கடலைக் கடந்து அபிசீனியாவில் தஞ்சம் புகுந்தார்கள். அந்த நாட்டு மன்னர் நஜ்ஜாஷி ஒரு கிறிஸ்தவர். மக்காவின் பெரிய மனிதர்கள் அவருக்குப் பரிசுப் பொருட்களோடு தூது அனுப்பி, "அவர்களை எங்களிடம் ஒப்படையுங்கள், அவர்கள் இயேசுவைப் பற்றித் தவறாகப் பேசுகிறார்கள்" என்று மூட்டிவிட்டார்கள். மன்னர் அதை அப்படியே நம்பவில்லை. அகதிகளைக் கூப்பிட்டு, "நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டார். அவர்கள் சார்பில் பேசிய ஜஅஃபர், பயந்து எதையும் மறைக்கவில்லை. ஈசா இறைவனின் அடியார், தூதர், கன்னி மர்யமின் மகன் என்று தங்கள் நம்பிக்கையை அப்படியே சொன்னார். மன்னர் பரிசுகளைத் திருப்பி அனுப்பிவிட்டு அகதிகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்தார்.

நம் கைக்கும் தினமும் அந்த மாதிரித் தூது வருகிறது, போன் வழியாக.

"சில நாடுகளில் கிறிஸ்தவர்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியாதா டீச்சர்?" என்று சிலர் கேட்பீர்கள். தெரியும். அவர்களுக்காக ஜெபிக்கிறேன். அந்த அநியாயத்தைப் பேசத்தான் வேண்டும். ஆனால் அதற்கான கணக்கை நம் தெருமுனையில் கடை வைத்திருக்கும் பாயிடம் கேட்பது நியாயமில்லை. சிலுவைப் போர்களுக்கு நம்மிடம் யாராவது கணக்குக் கேட்டால் ஒப்புக்கொள்வோமா?

வீட்டுப்பாடம் இரண்டு. ஒன்று, முஸ்லிம்களைப் பற்றி எது வந்தாலும், "இதை என் முஸ்லிம் நண்பரிடம் காட்டினால், ஆமாம், நாங்கள் இப்படித்தான் நம்புகிறோம் என்பாரா?" என்று கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் அனுப்பாதீர்கள். இரண்டு, அடுத்த முறை பக்கத்து வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வந்தால், பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது நோன்பைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். கிறிஸ்மஸ் பலகாரம் கொடுக்கும்போது அவர்களும் நம்மிடம் கேட்கட்டும். சிலுவையைப் பற்றிக் கேட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

எனக்கு மாற்றுக் கருத்து எழுதுகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். மரியாதையோடு எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்