பிறேக் பிடி மெதுமெதுத்தால்...

எழுவான்கரையில் வீடு, படுவான்கரையில் வேலை. எமது மாவட்டத்துப் பெண்கள் பலரின் நிலை இதுதான். ஆசிரியைகள், குடும்பநல உத்தியோகத்தர்கள், சமுர்த்தி உத்தியோகத்தர்கள், எம்மைப் போன்ற வெளிக்கள வேலையாளர்கள் எனப் பலரும் காலையில் வாவியைக் கடந்து மாலையில் திரும்புகிறோம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை கொக்கட்டிச்சோலைக்குப் போகிறவர்கள் பாதைக்காகக் காத்து நின்றார்கள். இன்று ஸ்கூட்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ நேரே போய்விடலாம்.

நகையை அடகு வைத்து, சீட்டு எடுத்து, லீசிங் கட்டி வாங்கிய வண்டி அது. அதை ஓட்டுபவள் பெண். ஆனால் அதில் எதை எப்போது மாற்றுவது என்று முடிவெடுப்பவர் பெரும்பாலும் கணவர், தம்பி அல்லது கராஜ்காரர். எமது மகளிர் குழுக் கூட்டமொன்றில் இதுபற்றிக் கதைத்தபோது ஒரு தங்கச்சி சொன்னார்: "பிறேக்க ரெண்டு மூண்டு தரம் அமத்தினாத்தான் மிஸ் பிடிக்குது. அவர் லீவில வந்தாப் பிறகு காட்டுவம் எண்டு இருக்கன்." அவர் லீவில் வரும் நாளுக்காக அந்த பிறேக் காத்திருக்குமா?

பழைய வண்டியை நீண்ட காலம் ஓட்டுவது இன்று பலருக்கும் பழகிவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டியைத்தான் எல்லோரும் ஓட்டினோம். ஆகவே வெளியில் தெரியாத பாகங்களின் வயதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

முன் சில்லில் டிஸ்க் பிறேக் உள்ள வண்டிகளில் லீவருக்கும் பிறேக்குக்கும் இடையில் கம்பி இல்லை, ஒயில்தான் உண்டு. ஊசி மருந்து ஏற்றும் சிரிஞ்சைப் பார்த்திருப்பீர்கள். அதன் தண்டின் நுனியில் கறுப்பு இறப்பர் இருக்கும். லீவரின் அருகே உள்ள மாஸ்டர் சிலிண்டரும் அப்படித்தான். நாம் லீவரைப் பிடிக்கும்போது உள்ளேயுள்ள இறப்பர் சீல் ஒயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் ஹோஸ் வழியாகக் கீழே போய், சில்லருகே உள்ள காலிப்பரின் பிறேக் பாட்களை டிஸ்க்கோடு அழுத்துகிறது. சில பெரிய மோட்டார் சைக்கிள்களின் கிளச்சும் இதே முறையில் வேலை செய்கிறது. எமது பக்கம் ஓடும் சிறிய வண்டிகளில் கிளச்சுக்குக் கேபிள்தான். ஸ்கூட்டிகளில் கைக்கிளச்சே இல்லை.

இந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டொட் 4 வகைப் புது ஒயில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 பாகை வரை இறங்கலாம். எமது தட்டையான நிலத்தில் ஒயில் கொதிப்பது அரிது. செங்கலடியிலிருந்து பதுளைக்கு ஏறி இறங்குபவர்கள் அதையும் கவனிக்க வேண்டும். எம்மை அதிகம் பாதிப்பது துரு. உள்ளே சேர்ந்த ஈரம் சிலிண்டரின் உட்சுவரை அரிக்கிறது. வெளியே வாவிக்காற்றும் கடற்காற்றும், மார்கழி வெள்ளத்தில் வண்டியை உருட்டிக் கடப்பதும் சேர்கின்றன.

மாற்றும் காலம் வந்துவிட்டதா என்று அறிய மெக்கானிக் தேவையில்லை. நிறுத்திய வண்டியில் நீங்களே பார்க்கலாம்.

முதலாவது, லீவரை இறுகப் பிடித்து அரை நிமிடம் வைத்திருங்கள். அது மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி இறங்கினால், வெளியில் கசிவு தெரியாவிட்டாலும் உள்ளே சீல் ஒயிலை விடுகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது, பல தடவை அமத்திய பின்தான் லீவர் இறுகுகிறதா? ஒயிலுக்குள் காற்று இருக்கலாம், அல்லது சீல் தேய்ந்திருக்கலாம்.

மூன்றாவது, ஒயில் கிண்ணத்தின் சிறு கண்ணாடியைப் பாருங்கள். புது ஒயில் வெளிறியிருக்கும். பிளேன்ரீ நிறமானால் மாற்ற வேண்டும். மட்டம் குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். பாட் தேய்ந்தாலும் மட்டம் இறங்கும், கசிந்தாலும் இறங்கும். எது காரணம் என்று முதலில் பாருங்கள். ஒயில் கிளச்சில் இது மறுபக்கம்: தட்டுகள் தேயத் தேய மட்டம் சற்று உயரும். ஆகவே அங்கே மட்டம் இறங்கினால் கசிவைத்தான் தேட வேண்டும். கிளச்சைப் பிடித்தபடி கியர் போட்டதும் வண்டி முன்னே இழுத்தால், ஒயில் வழியையும் சீலையும் முதலில் பாருங்கள். என்ஜின் இரைந்தும் வண்டி வேகம் எடுக்காவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது கிளச் தட்டுகளை.

நான்காவது, லீவரின் அடியிலும் காலிப்பரைச் சுற்றியும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரப்பசை இருந்தால் அன்றே கராஜுக்குப் போக வேண்டும்.

அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் காலக்கணக்கு உண்டு. யமஹாவின் பல கைநூல்கள் ஒயிலையும் உள்ளிறப்பர்களையும் 2 வருடத்துக்கு ஒருமுறையும், ஹோஸை 4 வருடத்துக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்கின்றன. உங்கள் வண்டியின் கைநூல் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

செலவைப் படிப்படியாக யோசிக்கலாம். ஒயில் மட்டும் பழையதானால் அதை மாற்றிக் காற்றை எடுத்தால் போதும். சீல் பழுதானால் இறப்பர் கிற் போடலாம். பல வருடம் கழற்றாத வண்டியானால் மேல் கிற்றையும் கீழ்க் கிற்றையும் ஒன்றாகப் போடுவது நல்லது. இரண்டு முறை கூலி கொடுக்கத் தேவையில்லை. சிலிண்டரின் உட்சுவரில் கீறலோ குழியோ இருந்தால் புது இறப்பரும் நிலைக்காது. அப்போது முழு மாஸ்டர் சிலிண்டரையே மாற்ற வேண்டும். கிற் போட்டுச் சமாளித்தால் அந்தக் காசும் வீண்.

கராஜில் சிலர், "அண்ணன வரச் சொல்லுங்க தங்கச்சி, அவரோட கதைக்கிறன்" என்பார்கள். வண்டியை ஓட்டுவது நான், எனக்கே சொல்லுங்கள் என்று பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள். மூடியில் எழுதியுள்ள ஒயில் வகையையே ஊற்றச் சொல்லுங்கள். திறந்து வைத்த போத்தல் ஈரம் உறிஞ்சியிருக்கும். புதுப் போத்தலை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். சீலை மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ கழுவ விடாதீர்கள். இறப்பர் ஊதிப் பழுதாகும். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். உட்சுவரைப் பார்க்க வேண்டுமென்றால், "கழற்றின உடன காட்டுங்க அண்ணன்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வீட்டுச் செலவுக் கொப்பியில் வண்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒயில் மாற்றிய திகதி, கிற் போட்ட திகதி, மீற்றர் காட்டிய கிலோமீற்றர் மூன்றையும் எழுதுங்கள். மாதம் ஒரு சிறு தொகையைச் சீட்டுக்காசு போல ஒதுக்கினால் 2 வருடத்தில் கிற்றுக்கான காசு கையில் இருக்கும். அந்தக் கூட்டத்துத் தங்கச்சிக்கு நான் சொன்னது ஒன்றுதான்: அவர் லீவில் வரும்வரை வைக்க வேண்டாம், நாளைக்கே காட்டுங்கள். முடிவெடுக்க வேண்டியவர் பிறேக் பிடிக்கிறவர்தான்.