பேஸைக் கூட்டாதீங்கோ, பிரிச்சு விடுங்கோ

போன மாசம் ஒரு கலியாணவீட்டுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு ஹயர் வான் பிடிச்சுப் போனோம். ஏறி இருந்ததும் சாரதி அண்ணை திரும்பிப் பார்த்து, "தம்பியவை, புதுசா சப் ஒண்டு போட்டிருக்கிறன், கேட்டுப் பாருங்கோ" எண்டார். முகத்தில் அவ்வளவு சந்தோசம். கேட்டோம். இளையராஜா பாட்டுத்தான். ஆனால் பேஸ் கிட்டார் எங்கே எண்டு தேட வேண்டியிருந்தது. அந்த இடத்தில் ஒரே உறுமல். கதவுத் தகடு கிடுகிடுத்தது. பாடகர் பின் சீட்டுக்குக் கீழே படுத்திருந்து பாடுவது போல இருந்தது. ஆனையிறவு தாண்ட முன்னமே எங்களோடு வந்த அம்மம்மா காதுக்குள் பஞ்சை வைச்சிட்டா.

கதைச்சுப் பார்த்ததில் மிச்சக் கதையும் வந்தது. கதவு ஸ்பீக்கர் ரெண்டும் ஏற்கெனவே ஒருக்காப் பழுதாகி மாத்தினவை. மாத்தினதும் இப்போது கரகரக்கத் தொடங்கிவிட்டது. பூட்டின கடையில் போய்க் கேட்டதுக்கு, "இன்னும் பெரிய அம்ப் போடோணும்" எண்டு சொல்லியிருக்கினம். வானுக்கு லீசிங் கட்டுற மனிசன் அவர். ஓடி உழைச்ச காசில் ஒரு நல்ல பங்கு அந்தப் பெட்டிக்குள் போயிருந்தது, இன்னும் போக இருந்தது.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். அந்த வானுக்குப் புதுச் சாமான் எதுவும் தேவைப்படவில்லை. செற்றுக்குள்ளேயே குரொஸ்ஓவர் ஃபில்டர் இருந்தது, அதை ஒருத்தரும் தொடவேயில்லை. நாங்கள் ஏறி இறங்கிய எத்தனையோ வான், ஆட்டோ, மினிபஸ்ஸில் இதே கதைதான். ஆயிரக்கணக்கில் செலவழிச்சு வாங்குவினம், காசே கேட்காத அந்த ஒரு வேலையைச் செய்யாமல் விடுவினம்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிச்சவை மீடிறன், அவத்தை எண்டு பாடமாக்கியிருப்பினம். (அது வான் கதவுக்குள்ளும் இருக்குது எண்டு எங்களுக்கு ஒரு ரியூசன் சேரும் சொல்லித் தரவில்லை.) மனிசக் காதுக்குக் கேட்பது 20 இலிருந்து 20,000 ஹேர்ட்ஸ் வரை. பேஸ் கிட்டாரின் ஆகத் தடித்த கம்பி 41 ஹேர்ட்ஸ் அளவில் அதிரும். கதைக்கும்போது ஆம்பிளைக் குரலின் அடிச்சுரம் பெரும்பாலும் 85க்கும் 180க்கும் இடையில் நிற்கும். இதையெல்லாம் ஒரே ஆறரை இஞ்சி ஸ்பீக்கரிடம் குடுத்தால் என்ன நடக்கும்? மீடிறன் பாதியாகும்போது, அதே அளவு சத்தத்தைத் தர ஸ்பீக்கரின் கூம்பு நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போகவேணும். 80 இலிருந்து 40க்கு இறங்கினால் நாலு மடங்கு, 20க்கு இறங்கினால் பதினாறு மடங்கு. அவ்வளவு தூரம் ஓட அதுக்கு இடமில்லை. முட்டும், கரகரக்கும், கடைசியில் கிழியும். கிழியும் வரைக்கும் குரலும் அதே கூம்பில்தானே ஏறி வருகிறது, அதுவும் சேர்ந்து கலங்கும். குரொஸ்ஓவர் செய்யிறது ஒண்டே ஒண்டு: "இது உன்ர வேலை இல்லை" எண்டு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சொல்லிவிடும்.

முறிகண்டியில் எல்லா வானும் நிக்கிற மாதிரி எங்கடதும் நிண்டது. தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கிக்கொண்டு வந்து, "அண்ணை, ஒருக்கா செற்றைப் பாக்கட்டே?" எண்டு கேட்டோம். "பழுதாக்கிப் போடாதீங்கோடா" எண்டு சொல்லிக்கொண்டே விட்டார்.

உள்ளே போய்ப் பார்த்தால், பேஸ் பூஸ்ட் 12 டெசிபெல் ஏத்தியிருக்கு. 12 டெசிபெல் எண்டால் அந்த இடத்தில் ஏறக்குறைய 16 மடங்கு வலு. எந்த அம்ப் தாங்கும்? தாங்காத அம்ப் அலையின் தலையை வெட்டி அனுப்பும், அதுதான் கரகரப்பு. "இன்னும் பெரிய அம்ப்" எண்ட ஆலோசனை பிறந்த இடமும் இதுதான். கதவு ஸ்பீக்கருக்கான எச்.பி.எவ். நிப்பாட்டியே கிடந்தது. சப்புக்கான எல்.பி.எவ். 200 ஹேர்ட்ஸில் நிண்டது. பாடகர் ஏன் சீட்டுக்குக் கீழே போனார் எண்டு அப்போதுதான் விளங்கியது. 200 வரைக்கும் சப்பில் விட்டால் ஆம்பிளைக் குரலின் அடிப்பகுதி அங்கேதான் போகும். 80 அளவுக்குக் கீழே வரும் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது எண்டு காதுக்குப் பிடிபடுவது கஷ்டம். அந்த அலையின் நீளமே நாலு மீற்றருக்கு மேல். அதனால் அங்கே வெட்டினால், சப் பின்னுக்கு இருந்தாலும் மேளம் முன்னுக்கு அடிப்பது போலவே கேட்கும்.

பூஸ்ட், லவுட்னெஸ், ஈக்குவலைசர் எல்லாத்தையும் பூச்சியத்துக்குக் கொண்டு வந்தோம். கதவுக்கு எச்.பி.எவ். 80, சரிவு 12 டெசிபெல். அப்படி வைச்சால் 40 ஹேர்ட்ஸில் கதவு ஸ்பீக்கருக்குப் போகும் வலு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். சப்புக்கு எல்.பி.எவ். 80, அதே சரிவு. அம்பிலும் ஒரு எல்.பி.எவ். திருகு இருந்தது. அதை முழுக்கத் திறந்து விட்டோம். செற்றிலும் அம்பிலும் ரெண்டு தரம் வெட்டினால் சரிவு ரெண்டும் கூடிப் போய், என்ன நடக்குது எண்டே தெரியாமல் போகும்.

அவத்தையில்தான் ஆக்கள் கூடுதலாகப் பிழை விடுகினம். 12 டெசிபெல் சரிவில், ஒரே இடத்தில் ரெண்டு பக்கமும் வெட்டும்போது, அந்த இடத்தில் சப்பும் கதவும் ஒண்டுக்கொண்டு எதிராக நிற்கும். ஒண்டு தள்ளும்போது மற்றது இழுக்கும். சத்தம் கூட வேண்டிய இடத்தில் பள்ளம் விழும். "பேஸ் காணாது" எண்டு மனிசர் சப்பை இன்னும் கூட்டுவினம். பள்ளம் அப்படியே கிடக்க மிச்சமெல்லாம் உறுமும். வைத்தியம் சின்னன். அம்பில் அல்லது செற்றில் 0, 180 எண்டு ஒரு சுவிட்ச் இருக்கும். இல்லாவிட்டால் சப்பின் ரெண்டு வயரையும் மாத்திப் பூட்டலாம். சாரதி சீட்டில் இருந்துகொண்டு ரெண்டு விதமாயும் கேட்டு, எதில் பேஸ் நிறைவாக வருகுதோ அதை விட்டுவிட வேண்டியதுதான். வாகனத்துக்குள் தூரமும் பெட்டியும் கூட அவத்தையை மாத்தும், அதனால் கணக்கைவிடக் காதை நம்புங்கோ. அண்ணையின்ர வானில் 180 தான் சரி வந்தது.

திரும்ப அதே பாட்டைப் போட்டோம். பேஸ் கிட்டார் தன்ர பாட்டில் நடந்து போனது கேட்டது. அண்ணை ஒண்டும் சொல்லவில்லை, வொலியூமை மட்டும் கொஞ்சம் கூட்டினார், கதவு கரகரக்கவில்லை. அம்மம்மா பஞ்சை எடுக்கேல்லை எண்டதையும் நேர்மையாகச் சொல்லவேணும்.

"பேஸ் எண்டா நெஞ்சில இடிக்கோணும், நீங்கள் அதைக் குறைக்கச் சொல்லுறியள்" எண்டு கூட்டாளிமார் சண்டைக்கு வருவினம். எங்களுக்கும் இடிச்சால் விருப்பம்தான். ஃபில்டர் பேஸைக் குறைக்கிறதில்லை, அதைத் தாங்கக்கூடிய ஸ்பீக்கரிடம் ஒப்படைக்கிறது. கதவு ஆறினபிறகு சப்பை முந்தியைவிடக் கூட்டலாம். 80 எண்டதும் வேதவாக்கில்லை. ஆட்டோவில் இருக்கிற நாலு இஞ்சி ஸ்பீக்கருக்கு 120 அளவில் வைச்சால்தான் உயிர் தப்பும். சப்பே இல்லாத காரில் 50, 60 இல் வெட்டினாலே கதவு ஸ்பீக்கருக்குப் பெரிய ஆறுதல்.

ட்வீட்டர் வயரில் தொங்கும் அந்தச் சின்னக் கொள்ளளவியும் ஒரு ஃபில்டர்தான். 4 ஓம் ட்வீட்டருக்கு 10 மைக்ரோஃபரட் எண்டால் ஏறக்குறைய 4,000 ஹேர்ட்ஸுக்குக் கீழே குறைத்துக்கொண்டு போகும். "சத்தத்தை அடைக்குது" எண்டு அதை வெட்டி எறிஞ்சு ட்வீட்டரை எரிச்ச ஒருத்தர் எங்கட கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறார். பெயர் சொல்லமாட்டோம்.

எங்கட கோபம் வேலை செய்யிற பெடியளில் இல்லை. அவைக்கு ஆரும் சொல்லிக் குடுக்கிறதில்லை, ஒரு நாளைக்கு எத்தினை வாகனம் முடிச்சது எண்டுதான் கணக்கு. கோபம், பெட்டியில் அடிச்சிருக்கிற வாட் கணக்கைக் காட்டி வித்துப்போட்டு, பூட்டினதோடு அனுப்பிவிடுகிற வியாபாரத்தில். 2020 இல் வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025 இல் திறக்கும்வரை பழைய வாகனங்களைத்தான் எல்லாரும் பேணி ஓடினம். அந்தப் பழைய வானுக்குள் கொட்டின காசு சும்மா வந்த காசில்லை. பூட்டிற கூலிக்குள்ளேயே குரொஸ்ஓவர் வைச்சுத் தாறதும் அடங்கவேணும். பத்து நிமிச வேலை. அடுத்தமுறை கடையில் நிக்கும்போது, "எந்த ஹேர்ட்ஸில வெட்டியிருக்கு?" எண்டு ஒருக்காக் கேளுங்கோ. பதில் வராவிட்டால் சாவியை வாங்க முன்னம் செற்றை நீங்களே திறந்து பாருங்கோ.

கலியாணம் முடிஞ்சு திரும்பி வரும்போது பார்த்தால் சப்பின்ர எல்.பி.எவ். 100 இல் நிக்குது. "கொஞ்சம் காணாது போல கிடந்தது தம்பி" எண்டார் அண்ணை. மாங்குளம் மட்டும் வாதாடிப் பார்த்தோம். வான் அவற்ற. 100 இலேயே யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தோம். கதவு எச்.பி.எவ்.வை மட்டும் தொடவேண்டாம் எண்டு இறங்கும்போது இன்னொருக்காச் சொல்லிவிட்டு வந்தோம்.