பன்னிரண்டு என்றார்கள், ஏழரை வந்தது

2019 ஜூலையில் நிர்மலா சீதாராமன் தமது முதல் பட்ஜெட்டைப் போட்டபோது, விலைவாசி உயர்வையும் சேர்த்து நாட்டின் மொத்த உற்பத்தி அந்த ஆண்டு 12 சதவீதம் வளரும் என்பது கணக்கு. மறு ஜனவரியில் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் முதல் முன்மதிப்பீடு 7.5 என்றது. கொரோனா அப்போது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வளர்ச்சி படுத்தால் வரியும் படுக்கும். போதாக்குறைக்கு நடுவில் நிறுவன வரியையும் குறைத்திருந்தார்கள். மாநிலங்களுக்கு 8.09 லட்சம் கோடி ரூபாய் என்று எழுதிய வரிப் பங்கு, திருத்திய மதிப்பீட்டில் 6.56 லட்சம் கோடியாகச் சுருங்கியது.

டெல்லிக் கணக்கு மும்பையின் குர்லாவுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் மும்பை மாநகராட்சி ஆக்ட்ராய் எனும் நுழைவு வரியை இழந்தது. அதற்கு மகாராஷ்டிர அரசு தரும் ஈட்டுத்தொகையைப் பெரிதும் நம்பித்தான் இன்று அதன் பட்ஜெட் ஓடுகிறது. அந்த மாநிலமோ டெல்லியின் பங்கை எதிர்பார்த்து நிற்கிறது. 2005 ஜூலை 26 வெள்ளத்தைப் பார்த்த மித்தி ஆற்றங்கரைக்காரர்களின் மழைநீர் வடிகால் இந்த வரிசையின் கடைசியில் இருக்கிறது.

கணிப்பவரே செலவும் செய்தால் கணிப்பு இனிக்கத்தான் செய்யும். பிரிட்டன் 2010இல் கணிக்கும் பொறுப்பைத் தனி அமைப்பிடம் கொடுத்துவிட்டது. இங்கே நிதிப் பொறுப்புச் சட்டத்தை ஆராய்ந்த என்.கே. சிங் குழு 2017இல் சுதந்திரமான நிதி மன்றம் வேண்டும் என்றது. காங்கிரஸ் ஆட்சியில் அமைந்த நிதி ஆணையமும் கிட்டத்தட்ட அதையே கேட்டிருந்தது. எந்தக் கட்சிக்கும் அவசரமில்லை.

நம் பக்கமும் பார்ப்போம். குர்லா சி.எஸ்.டி. சாலையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளும் பங்கார் எனும் பழைய இரும்புக் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. இத்தகைய சிறு தொழில்களின் நிலவரத்தைக் காலாண்டுக் கணக்கில் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் போக்கை வைத்தே ஊகித்துவந்தார்கள். பெரியவன் வளர்ந்தால் சின்னவனும் வளர்ந்தான் என்று பொருள்! 2016 பணமதிப்பிழப்புக்குப் பிறகு அது எவ்வளவு தப்பு என்பது கடைக்காரர்களுக்கே தெரியும். ஆனால் பதிவில்லாத் தொழில்களைக் கணக்கெடுக்க ஆள் வந்தால் ‘ஜி.எஸ்.டி.காரன் வந்துட்டான்’ என்று ஷட்டரை இறக்குகிறோம். கொடுக்கும் விவரத்தைப் புள்ளியியல் வேலைக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்கிறது 2008ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம். இதைக் கடைவாசலில் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் சொல்லியிருக்க வேண்டியது அரசு. அதற்காகக் காத்திராமல் வியாபாரிகள் சங்கங்களும் தமிழ்ச் சங்கங்களும் தங்கள் உறுப்பினர்களிடம் சொல்லலாம்; மழைக்கு முன் ஒரு கூட்டம் போட்டால் போதும்.

அரசிடம் கேட்பதும் பெரிதல்ல. ஒவ்வொரு பட்ஜெட்டிலும் ஒரு பக்கம் ஒதுக்கட்டும்: போன ஆண்டு எவ்வளவு வளரும் என்றோம், எவ்வளவு வளர்ந்தது, ஏன் பிசகியது. அதே பக்கத்தை மாநகராட்சி பட்ஜெட்டிலும் கேட்கலாம். குர்லாவின் எல் வார்டு அலுவலகத்தில் அதை ஒட்டி வைக்கச் சொல்ல எந்தக் கட்சிக் கவுன்சிலருக்கும் தடையில்லை.